பொம்மைத் தலைக்கு உதவாத களியும் கடுதாசி வெட்டும் கருவிகளும்



சென்ற மாதம் பிள்ளைகள் நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரு தாயார் தொலைபேசியில் வந்தார். அவருடைய மகள் நடன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொலிமர் களியில் தோடு செய்து கொடுக்கிறாளாம். மண் வேலைக்கு என்று தனியாக ஒரு கருவியும் அவளிடம் இல்லை. கடுதாசியில் பூ வெட்டும் பஞ்ச், வாழ்த்து மட்டையில் புடைப்பு விழுத்தும் பிளாஸ்ரிக் உறை, வளைவு வளைவாக வெட்டும் கத்தரிக்கோல், இவற்றை வைத்தே எல்லாம் நடக்கிறது. "இது முறையான கைவேலையோ, இல்லை சும்மா விளையாட்டோ?" என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தக் களியைச் சாப்பாடு வேகிற அவணுக்குள்ளேதான் வைக்கிறாள், பிள்ளைகளுக்குக் கூடாதோ?" என்றும் கேட்டார்.

அன்று நேரம் இருக்கவில்லை. இரண்டு கேள்விக்கும் சேர்த்து இந்த மாத உரையையே எடுத்துக்கொள்கிறேன். கணக்குப் பார்க்கிறவனுக்கு இதிலே என்ன வேலை என்று சிலர் சிரிப்பீர்கள். பஞ்ச், கத்தரிக்கோல், முத்திரை அழுத்தி மூன்றும் என் மேசையில் இருக்கிற சாமான்கள்தான். அவை எந்த வழியாக ஒரு பெண்பிள்ளையின் தோட்டுக்கு வந்து சேர்ந்தன என்று தேடிப் பார்த்தபோது, போரும் தட்டுப்பாடும் இடப்பெயர்வும் நிறைந்த ஒரு கதை கிடைத்தது.

முதலில் களி. பெயரில்தான் களி, அதில் மண் என்று சொல்லத்தக்க எதுவும் முக்கியமில்லை. அது பிவிசி என்ற பிளாஸ்ரிக்கின் நுண்ணிய தூள். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பிவிசிதான். 1872-ல் ஒய்கன் பௌமன் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர், வெயிலில் கிடந்த வினைல் குளோரைட் குடுவைக்குள் வெள்ளையாய் ஏதோ திடப்பொருள் படிந்திருப்பதைக் கண்டார். அதை வைத்து என்ன செய்வதென்று அப்போது ஒருவருக்கும் தெரியவில்லை. விறைப்பானது, உடையக்கூடியது. 1926-ல் அமெரிக்காவின் குட்ரிச் டயர் நிறுவனத்தில் வேலை செய்த வால்டோ சீமன், இரும்பில் இறப்பரை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தார். கொதிநிலை கூடிய ஒரு திரவத்தில் இந்தப் பிவிசியைக் காய்ச்சினார். பசை வரவில்லை. இழுத்தால் நீளுகிற, வளைத்தால் வளைகிற ஒரு பொருள் வந்தது. மழைக்கோட்டும் குளியலறைத் திரையும் அதிலிருந்து பிறந்தன. அந்தத் திரவத்தைத்தான் நான் இனி 'இளக்கி' என்று சொல்லப்போகிறேன். இளக்கியின் கதை இந்த உரையில் பலமுறை வரும்.

இனி ஜேர்மனிக்குப் போவோம். 1905-ல் கேத்தே குரூசே என்ற இளம் தாய், பிள்ளைகளோடு சுவிற்சர்லாந்தில் இருந்தார். கணவர் மக்ஸ் குரூசே பேர்லினில் பெயர் பெற்ற சிற்பி. மூத்த மகள் பொம்மை கேட்டாள். கடையில் விற்கிற பொம்மைகள் சிற்பிக்குப் பிடிக்கவில்லை. வாங்கி அனுப்ப மாட்டேன், நீயே செய்து கொடு என்ற பொருளில் கடிதம் போட்டார். கேத்தே ஒரு துவாயை எடுத்து மணல் நிரப்பி, உருளைக்கிழங்கு ஒன்றைத் தலையாகக் கட்டி, எரிந்த தீக்குச்சியால் கண்ணும் மூக்கும் வரைந்தார். கிழங்கு எத்தனை நாளைக்கு இருக்கும்? ஆனால் மகள் அதைக் கீழே வைக்கவில்லை. 1910-ல் பேர்லினின் ஒரு பெரிய அங்காடியில் கையால் செய்த விளையாட்டுப் பொருள்களுக்குக் கண்காட்சி வைத்தபோது கேத்தேயின் துணிப் பொம்மைகள் பேரெடுத்தன. 1912 முதல் பாட் கோசென் என்ற சிற்றூரில் பட்டறை நடந்தது. வேறொரு பெரிய நிறுவனம் அவருடைய பொம்மையைப் பார்த்துச் செய்து விற்றபோது அவர் வழக்குப் போட்டு 1925-ல் வென்றார். விளையாட்டுப் பொருளுக்கும் கலைஞரின் உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வழக்கு அது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. மூலப்பொருள் எல்லாம் அருகிப்போனது. அந்தக் காலத்தில்தான் பொம்மைத் தலைக்கு உதவுமோ என்று பார்க்கச் சொல்லி ஒரு பிளாஸ்ரிக் களி கேத்தேயின் பட்டறைக்கு வந்தது. தலை செய்ய அது சரிவரவில்லை. ஒரு தொழிற்சாலைக் கணக்கில் அது அத்தோடு செலவெழுதி மூடவேண்டிய பக்கம். ஆனால் இரண்டாவது மகள் சோஃபி, வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஃபிஃபி, அதை எறியவில்லை. நிறம் சேர்த்தாள், சின்னச் சின்னத் துண்டாக வெட்டினாள், துண்டுகளைப் பதித்துப் படம் செய்தாள், சுட்டுப் பார்த்தாள்.

போர் முடிந்தபோது பாட் கோசென் சோவியத் படைகளின் பகுதிக்குள் வந்துவிட்டது. போர் ஆண்டுகளில் கேத்தே இரண்டு ஆண் பிள்ளைகளை இழந்திருந்தார். மிஞ்சிய இரண்டு ஆண் மக்களும் மேற்கே போய்ப் புதிதாகப் பட்டறை தொடங்கினார்கள். அதில் டோனாவேர்த் பட்டறை நிலைத்தது. நாற்பது ஆண்டு வளர்த்த பாட் கோசென் பட்டறை 1950-களின் தொடக்கத்தில் அரச உடைமையானது. அறுபதைக் கடந்த கேத்தே மேற்கில்தான் மீதி வாழ்க்கையைக் கழித்து 1968-ல் காலமானார். விட்டுவந்த வீட்டையும் தொழிலையும் பற்றி நான் இங்கே விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இதை வாசிக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு கதை இருக்கிறது.

ஃபிஃபி 1950-களில் தன் களியை 'ஃபிஃபி மொசாயிக்' என்று பெயரிட்டு விற்றார். 1964-ல் எபர்ஹார்ட் ஃபாபர் என்ற பென்சில் நிறுவனம் அந்தச் செய்முறையை வாங்கிக்கொண்டது. களியின் பெயர் 'ஃபிமோ' ஆகிச் சுருங்கியது. அதிலுள்ள முதலெழுத்துத்தான் அந்தப் பெண்ணின் மிச்சம். 1978-ல் நியூரம்பேர்க்கின் ஸ்டெட்லர் நிறுவனம் ஃபாபரை வாங்கியது. இங்கே எங்கள் பிள்ளைகளின் பென்சிலில் இருக்கிற அதே ஸ்டெட்லர்தான். என் கணிப்பில் இந்த விற்பனைதான் முழுக் கதையின் திருப்பம். களியை வாங்கியவர்கள் ஓட்டுக்காரரோ குயவருக்குச் சாமான் விற்பவரோ அல்லர், பென்சில் செய்கிறவர்கள். ஆகவே களி போய் இருந்த இடம் எழுதுபொருள் கடை. ஒரு தட்டில் களி, பக்கத்துத் தட்டில் வர்ணக் கடுதாசி, கத்தரிக்கோல், பஞ்ச். ஒருநாள் ஒன்றை ஒன்று தொடாமல் இருக்குமோ?

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதை. 1960-களில் இல்லினோய் மாநிலத்தில் பொலிஃபோம் என்ற நிறுவனம், மின்மாற்றியின் உள்ளே பிறக்கும் வெப்பத்தை வெளியே கடத்துவதற்காக ஒரு களியைத் தயாரித்தது. அந்த வேலைக்கு அது உதவவில்லை. யாரோ ஒரு துண்டை எடுத்து உருவம் பிடித்துப் பரிசோதனை அடுப்பில் சுட்டார்கள், கல்லுப்போல வந்தது. 'ஸ்கல்ப்பி' என்று இன்று விற்பது அதுதான். பசைக்குத் தேடியது பசையாகவில்லை, தலைக்குத் தேடியது தலையாகவில்லை, மின்மாற்றிக்குத் தேடியது அதற்கும் ஆகவில்லை.

இனிக் கருவிகள். இந்தப் பக்கம் வரலாறு இன்னும் பழையது.

கடுதாசி வெட்டுவதை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு மேரி டிலேனி அம்மையாரின் பெயரைச் சொல்ல வேண்டும். 1700-ல் பிறந்த ஆங்கிலேயப் பெண். இரண்டாவது கணவரும் இறந்த பின், 72 வயதளவில், நிறக் கடுதாசியைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கறுப்புப் பின்னணியில் ஒட்டிப் பூக்களின் படம் செய்யத் தொடங்கினார். ஒரு பூவுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள் போனதும் உண்டு. கண்பார்வை மங்கிக் கையெடுக்கும்வரை ஏறத்தாழ பத்தாண்டில் 985 படங்கள் செய்தார். தாவரவியலாளர்கள் பார்த்து வியக்கிற அளவுக்கு இதழும் மகரந்தமும் சரியாக இருந்தன. எல்லாம் இன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தன் வேலைக்கு அவர் வைத்த பெயரும் 'மொசாயிக்' தான், கடுதாசி மொசாயிக். ஃபிஃபிக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. துண்டு துண்டாக வெட்டிச் சேர்க்கிறவர்களுக்கு அந்தச் சொல் தானாக வாயில் வரும். எங்கள் முதியோர் சங்கத்து அம்மாமாரில் "இனி என்ன பழகுறது" என்று சொல்கிறவர்கள் அந்த 72-ஐ மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

கறுப்புக் கடுதாசியில் முகத்தின் நிழலுருவை வெட்டுவதற்கு 'சிலுவெட்' என்று பெயர். அது ஒரு நிதி அமைச்சரின் பெயர் என்பது என் தொழில்காரருக்குச் சுவையான செய்தி. எத்தியன் டி சிலுவெட் 1759-ல் பிரான்சின் கஜானாவுக்குப் பொறுப்பாக வந்தார். போர்ச் செலவில் கஜானா காலி. பணக்காரருக்கு வரி போட்டார், செலவைப் பிடித்தார். அதே ஆண்டுக்குள் பதவியை விட்டு அனுப்பினார்கள். மலிவாகவும் அரைகுறையாகவும் செய்த எதற்கும் அவர் பெயரை வைத்துக் கேலி செய்தார்கள். ஓவியருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் வெட்டுவித்த நிழல் முகத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வரவு செலவைச் சரிப்படுத்தப் பார்த்தவனுக்குக் கிடைத்த மரியாதை இது.

புடைப்பு விழுத்துவது பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். மகள் களியை வைத்து அழுத்துகிற அந்த உறையில் ஒரு பக்கம் மேடு, எதிர்ப்பக்கம் அதே இடத்தில் பள்ளம். ஆண் அச்சு, பெண் அச்சு என்பார்கள். நடுவில் கடுதாசியை வைத்து அழுத்தினால் மேடு பள்ளத்துக்குள் தள்ளும். கடுதாசியின் நார் இழுபட்டு அந்த வடிவிலேயே நின்றுவிடும். இது அலங்காரத்துக்காகப் பிறந்த முறையல்ல, அரசாங்கம் காசு வாங்கப் பிறந்தது. 1694-ல் இங்கிலாந்து பத்திரங்களுக்கு முத்திரை வரி கொண்டுவந்தது. வரி கட்டிய கடுதாசியில் மை இல்லாத புடைப்பு முத்திரை விழும். மையைப் பார்த்துக் கீறலாம். புடைப்பைக் கள்ளமாகச் செய்ய உருக்கில் அச்சு வெட்டத் தெரிய வேண்டும். 1765-ல் இதே முத்திரையை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் நீட்டினார்கள். அங்கே கலவரமே வெடித்தது. அடுத்த ஆண்டே சட்டத்தை மீட்டுக்கொண்டார்கள்.

கம்பனிகளின் பொது முத்திரையும் அதே குடும்பம். இரும்புக் கைப்பிடியை அழுத்த, பத்திரத்தில் பெயர் வட்டமாக எழும்பும். பிரித்தானியாவில் 1990-ல் இருந்து கம்பனிக்கு அது கட்டாயமில்லை. ஆனால் நொத்தாரிசுமார் இன்னும் அழுத்துகிறார்கள். அகதி விண்ணப்பக் காலத்தில் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் அந்த முத்திரை இருக்கிறதா என்று அதிகாரி விரலை ஓட்டிப் பார்த்ததை நம்மில் பலர் முன்னால் இருந்து பார்த்திருக்கிறோம். கடுதாசியில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அந்த மேட்டில் ஒரு குடும்பத்தின் நாளைய பொழுது தங்கியிருந்தது. அதே பொறி இன்று பூவும் மாங்காயும் அன்னமுமாக ஒரு தோட்டில் விழுகிறது என்றால் எனக்கு அது சும்மா விளையாட்டாகத் தெரியவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் புடைப்பு சந்தைக்கு இறங்கியது. காதலர் வாழ்த்து அட்டைகளுக்காக, புடைத்த மேட்டின் உச்சியை அரத்தால் தேய்த்துத் துளையாக்கி, கடுதாசியிலேயே 'லேஸ்' செய்தார்கள் இலண்டன்காரர்.

வெட்டச்சு, அதாவது ஒரே அழுத்தில் வடிவத்தை வெட்டி எடுக்கும் கூரிய விளிம்பு, செருப்புத் தைப்பவரிடம் முன்பே இருந்தது. தோலில் அடிப்பாகம் வெட்ட. அதைக் கடுதாசிக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் ரொபேர்ட் கெயர். ஸ்கொட்லாந்திலிருந்து சிறுவயதில் நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்தவர், புரூக்ளினில் கடுதாசிப் பை செய்தவர். 1879-ல் விதைப் பைகள் அச்சடிக்கும்போது, மடிப்புக் கோடு போடுகிற இரும்புத் தகடு ஒன்று சற்று உயர்ந்துவிட்டது. மடிக்க வேண்டிய பைகளை அது வெட்டித் தள்ளியது. மற்றவர் என்றால் வேலையாளைத் திட்டி, பழுதான பைகளை எண்ணியிருப்பார். கெயர் தகட்டைப் பார்த்தார். உயரமான கூர்த்தகடு வெட்டும், தாழ்ந்த மொட்டைத் தகடு மடிப்புப் போடும். இரண்டையும் ஒரே அச்சில் வைத்தால் ஒரே அழுத்தில் பெட்டி தயார். உங்கள் காலைச் சாப்பாட்டுத் தானியப் பெட்டியிலிருந்து மருந்துப் பெட்டிவரை அந்த யோசனையின் பிள்ளைகள். அவருக்கு ஏழு ஆண்டு பின்னால், 1886-ல், ஜேர்மனியின் பொன் நகரில் ஃப்ரீட்ரிஷ் சொனெக்கன் கடுதாசித் துளைக் கருவிக்கு உரிமம் எடுத்தார். கோப்புக்குத் துளை போட மட்டும் நினைத்தார். அந்தத் துளையை நட்சத்திரமாகவும் இதயமாகவும் மாற்றினால் கைவேலைப் பஞ்ச்.

கத்திக்கும் இடம்பெயர்ந்தவர் ஒருவர் உண்டு. போலந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த சண்டல் டொனிகர் 1917-ல் வைத்தியருக்கு ஊசியும் அலகு மாற்றக்கூடிய கத்தியும் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1930-களில் அது படம் வரைகிறவர்களின் மேசைக்குப் போய் 'எக்ஸ்-ஆக்டோ' கத்தியாயிற்று. களி வேலையில் நீளமாய் மெல்லியதாய் ஒரு அலகு பாவிக்கிறார்கள். அதுவும் ஆய்வுகூடத்தில் உடலின் இழையத்தை மெல்லிய சீவலாக வெட்டுவதற்கு இருந்ததுதான். கத்தரிக்கோலில், பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் கிராமத்தில் 1649-ல் தொடங்கிய இரும்பாலையின் வாரிசு, 1967-ல் பிளாஸ்ரிக் பிடிக் கத்தரிக்கோல் செய்தது. பழச்சாறு பிழியும் கருவிக்கு எடுத்த செம்மஞ்சள் பிளாஸ்ரிக் இயந்திரத்தில் மிஞ்சிக் கிடந்ததாம். கறுப்பா செம்மஞ்சளா என்று வேலையாட்களிடம் வாக்கு எடுத்தார்கள், செம்மஞ்சள் வென்றது.

இவ்வளவும் தொழிற்சாலையிலிருந்தும் கந்தோரிலிருந்தும் வீட்டு மேசைக்கு ஒருமிக்க வந்ததற்கு ஒரு காரணம் புகைப்பட அல்பம். கலிபோர்னியாவின் எலிசன் நிறுவனம் 1977-ல் பள்ளிக்கூட ஆசிரியருக்காக எழுத்து வெட்டும் கை இயந்திரம் கொண்டுவந்தது. 1980-ல் சோல்ற் லேக் சிற்றியில் நடந்த உலகப் பதிவேடுகள் மாநாட்டில் ஒரு குடும்பம் தங்கள் அலங்கரித்த அல்பங்களைக் காட்டியது. வம்சாவளி எழுதி வைப்பதைச் சமயக் கடமையாகக் கொண்ட ஊர் அது. அங்கே பற்றிய ஆசை 1990-களில் அமெரிக்கா முழுவதும் பரவியது. புகைப்படத்தைச் சுற்றி ஒட்டப் பூ வேண்டும், சட்டம் வேண்டும், எழுத்து வேண்டும். பஞ்சும் வெட்டச்சும் புடைப்பு உறையும் கடை நிறைய வந்தன. 2001-ல் எலிசன் வீட்டுக்கென்றே 'சிசிக்ஸ்' என்ற சிறிய இயந்திரத்தை விற்றது. சில ஆண்டில் மின்னால் இயங்கி, கணினி சொன்னபடி வெட்டுகிற கருவிகளும் வந்தன. அவற்றில் ஒன்றின் வணிகப் பெயர் சிலுவெட்! அந்த அமைச்சருக்கு இரண்டரை நூற்றாண்டு கழித்துக் கடையில் ஒரு பெட்டி.

அல்பத்தைப் பற்றிப் படிக்கும்போது மனம் வேறு பக்கம் போனதை மறைக்க முடியவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டவர்கள் பையில் வைத்தது காணி உறுதியும் பிறப்புப் பத்திரமும் கொஞ்சம் நகையும். முத்திரை விழுந்த கடுதாசி வந்தது, முகம் இருந்த கடுதாசி பெரும்பாலும் அங்கேயே நின்றது. இன்றைக்கு எங்கள் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் படம் ஒன்றைக் காட்டக் கனடாவிலும் பிரான்சிலும் உள்ள உறவினரிடம் கேட்டு வாங்குகிறோம்.

சரி, களிக்கு வருவோம். 1980-களில் அமெரிக்கக் கலைஞர் சிலர் இந்தக் களியைப் பிள்ளைகளின் கையிலிருந்து தங்கள் மேசைக்கு எடுத்தார்கள். வெனிசுக்குப் பக்கத்து முரானோத் தீவின் கண்ணாடிக்காரர், நிறக் கண்ணாடித் தண்டுகளைச் சேர்த்து உருக்கி நீட்டி, குறுக்கே வெட்டினால் வெட்டுமுகத்தில் பூத் தெரிகிற முறையில் மணி செய்தார்கள். அதைக் களியில் நெருப்பில்லாமல் செய்யலாம் என்று கண்டுகொண்டார்கள். 1991-ல் நான் ரோச் எழுதிய 'புதிய களி' என்ற நூல் இந்த முறைகளை ஒன்றாய்ச் சேர்த்துச் சொன்னது. களிக்கென்று கருவி விற்பவர் அப்போது அநேகமாக இல்லை. இத்தாலியக் குசினியிலிருந்து பாஸ்தா தட்டும் உருளை இயந்திரம் வந்தது. களியை நூலாகப் பிழிகிற ஒரு உருளையும் உண்டு. அதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எங்கள் இடியப்ப உரல்தான். சாமானுக்குச் சாமான் வித்தியாசம் இல்லை.

மா வேலை தெரிந்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் சிப்பிச் சோகி செய்கிறபோது புதுச் சீப்பு ஒன்றை வாங்கி, அதன் பல்லில் மாவை வைத்துப் பெருவிரலால் அழுத்திச் சுருட்டுவார்கள். வரி வரியாகச் சிப்பி வந்துவிடும். தலை வாரச் செய்த சாமானில் பலகாரத்துக்கு வரி! ஒருவரும் அதை முறையோ விளையாட்டோ என்று கேட்டதில்லை.

ஆனால் கடுதாசிக் கருவி களியில் அப்படியே வேலை செய்யாது. காரணம் அந்த இளக்கி. சுடாத களியில் பிவிசித் தூளுக்கு இடையில் இளக்கி எண்ணெயாக நிற்கிறது. தண்ணீர் இல்லாததால் களி காயாது, மாதக்கணக்கில் இளகியே இருக்கும். சூடு பட்டதும் தூள் அந்த எண்ணெயை உறிஞ்சி ஊதி, பக்கத்துத் தூளோடு ஒட்டி ஒரே உடம்பாகிறது. சுடுமுன் அந்த எண்ணெய் தொட்டதில் எல்லாம் ஏறும். கடுதாசியில் வைத்தால் கடுதாசி உறிஞ்சி எண்ணெய்க் கறை பிடிக்கும். களி கூட இளகிப் போனால் வேண்டுமென்றே வெள்ளைக் கடுதாசிக்கிடையில் வைத்து இறுக்குவதும் உண்டு. சில பிளாஸ்ரிக் பெட்டிகளை அது அரித்து ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே பச்சைக் களியைப் பஞ்சுக்குள் விட்டால் அது உள்ளே பிடித்துக் கருவியே இறுகிவிடும். பஞ்ச் போட வேண்டுமென்றால் களியை வாழ்த்து மட்டை அளவுக்கு மெல்லியதாய் உருட்டி, முதலில் சுட்டு, பிறகு வெட்ட வேண்டும். நன்றாகச் சுட்ட மெல்லிய தகடு தோல் மாதிரி வளையும். கத்தரிக்கோலுக்கும் அலை விளிம்புக் கத்தரிக்கோலுக்கும் அது கடுதாசிபோலவே அடங்கும். அவணால் எடுத்த இளஞ்சூட்டில் இன்னும் சுகமாக வெட்டுப்படும். வெட்டும்போது வெடித்தால் களியைக் குறை சொல்ல வேண்டாம், சூடு காணவில்லை என்று அர்த்தம்.

வெட்டச்சுக்குப் பச்சைக் களிதான் நல்லது. மேலே மெல்லிய சமையல் பொலித்தீனை விரித்து அழுத்தினால் களி அச்சில் ஒட்டாது. பொலித்தீன் வெட்டுப்படுமுன் இழுபட்டு விளிம்பைக் கீழே அழுத்துவதால், ஓரம் கூராக இல்லாமல் உருண்டு வரும். பிறகு தேய்க்கிற வேலை மிச்சம். புடைப்பு உறைக்கு உள்ளே கொஞ்சம் சோளமா தூவ வேண்டும், அல்லது தண்ணீர் தெளிக்க வேண்டும். கடுதாசியை அழுத்துகிற பலம் களிக்கு வேண்டாம், உருட்டுக்கட்டை போதும். கடுதாசியில் ஆண் அச்சும் பெண் அச்சும் சேர்ந்தால்தான் வடிவம் வரும். களி தானாகவே பள்ளத்துக்குள் இறங்குவதால் உறையின் ஒரு பக்கமே போதும். அதே உறையைத் திருப்பி அழுத்தினால் மேடு பள்ளமாகி இன்னொரு வடிவம். ஒரு விலைக்கு இரண்டு அச்சு!

விலை என்றதும் ஒன்று. ஒரே ஒரு வடிவத்தை மட்டும் வெட்டுகிற அச்சை வாங்கு முன், அந்த வடிவில் எத்தனை சோடித் தோடு உண்மையில் விற்கும் என்று எழுதிப் பார்க்கட்டும் மகள். வட்டமும் நீள்வட்டமும் மாங்காயும் ஆயுளுக்கும் ஓடும். பெயர் போன கார்ட்டூன் பூனை ஒரு வருடத்துக்குமேல் ஓடாது; அதைவிட, அந்தப் பூனைக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், விற்றால் வழக்கு வரலாம். கேத்தே அம்மையார் 1925-ல் வென்றது அந்த உரிமைக்காகத்தான்.

இனி அந்தத் தாயாரின் இரண்டாவது கேள்வி. இது விளையாட்டல்ல, ஆகவே நிதானமாகக் கேளுங்கள். முன்பு இந்தக் களிகளில் இளக்கியாகத் தலேற் வகைப் பொருள்கள் சேர்த்தார்கள். அவற்றில் சில இனப்பெருக்க உறுப்புகளைப் பாதிக்கும் என்று ஆய்வுகள் எச்சரித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல், மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகள் வாயில் வைக்கும் பொருள்களுக்குத் தற்காலிகத் தடை போட்டது. 2005-ல் அதை நிரந்தரமாக்கி விரித்தது: மூன்று வகைத் தலேற் எந்த விளையாட்டுப் பொருளிலும் 0.1 விழுக்காட்டுக்கு மேல் கூடாது, இன்னும் மூன்று வகை வாயில் வைக்கக்கூடியவற்றில் கூடாது. அமெரிக்காவும் 2008-ல் சட்டம் கொண்டுவந்தது. பெயர் பெற்ற நிறுவனங்கள் செய்முறையை மாற்றிக்கொண்டன. ஆகவே புதிதாக வாங்கும் களியைப் பற்றிப் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. யாரோ வீடு மாறும்போது தந்த இருபது வருடப் பழைய கட்டிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

அவண் விடயம் இப்படி. ஃபிமோவுக்கு 110 பாகை செல்சியஸ், ஸ்கல்ப்பிக்கு ஏறக்குறைய 130. பொதியில் போட்டிருக்கும், அதன்படி செய்ய வேண்டும். 175-ஐத் தாண்டினால் பிவிசி சிதையத் தொடங்கி ஐதரசன் குளோரைட் ஆவி வரும். கண்ணும் தொண்டையும் எரியும். களி கறுத்துப் புகைந்தால் அவணை நிறுத்தி, யன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். அவணின் குமிழில் எழுதியிருக்கிற எண்ணை நம்பாமல் சின்ன வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். வாடகை வீட்டுப் பழைய அவண்கள் இருபது முப்பது பாகை பொய் சொல்லும். சாப்பாடு வேகும் அதே நேரம் களி வைக்க வேண்டாம். தட்டுக்கு ஈயத்தாள் விரியுங்கள். களி தொட்ட எதுவும் திரும்பக் குசினிக்குள் போகக்கூடாது, பாஸ்தா இயந்திரமும் அச்சும் உட்பட. களியில் கோப்பையோ தட்டோ செய்து அதில் சாப்பிடவும் கூடாது. மகள் கேட்டாலும் இடியப்ப உரலைக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா, அவளுக்கென்று ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.

டோனாவேர்த் நகரில் கேத்தே குரூசேயின் பொம்மைகளுக்கென்று ஒரு அருங்காட்சியகம் உண்டு. தென் ஜேர்மனியில் உறவினர் உள்ள நேயர்கள் விடுமுறையில் போய்ப் பார்க்கலாம். அடுத்த மாத உரையில் தபால் காசுக் கட்டளையின் வரலாறு. அதுவரை விடைபெறுகிறேன்.